ஜீப்புக்குள் சூடும் சத்தமும்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

என் டீசல் ஜீப்பில் சூட்டையும் சத்தத்தையும் குறைக்க மூன்று முறை ஷீட் ஒட்டியிருக்கிறேன். முதல் முறை ஒட்டியதை ஒரே கோடையில் பிய்த்தெடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை ஒட்டியது ஒன்றரை வருஷத்தில் தரைத் தகட்டைத் துருப்பிடிக்க வைத்தது. மூன்றாவது முறைக்குப் பிறகுதான் சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேச முடிகிறது. முதல் இரண்டு முறையும் செய்த தவறு ஒன்றே. சூடும் சத்தமும் எந்த வழியாக உள்ளே வருகின்றன என்று பார்க்காமல், கடையில் கிடைத்த ஷீட்டை வாங்கி வந்து இடம் கண்ட இடமெல்லாம் ஒட்டினேன்.

அதனால் இங்கே ஷீட்டிலிருந்து தொடங்கப்போவதில்லை, அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். தார், ஜிப்ஸி, கூர்க்கா, பொலிரோ, பழைய மேஜர் என்று சேஸி என்ற அடிச்சட்டத்தின் மேல் பாடி தனியாக உட்கார்ந்திருக்கும் எந்த வண்டிக்கும் இது பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வேலை மூன்று. மூன்றுக்கும் பொருள் வேறு வேறு. பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு அதன்மேல் விரலை வைத்தால் ஒலி அடங்கிவிடும். தகட்டின் அதிர்வை அப்படி அடக்குவது பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பரால் ஆன டாம்பிங் ஷீட்டின் வேலை. காற்றில் வரும் சத்தத்தைத் தடுக்கச் சுவர் போலக் கனம் வேண்டும். அதற்குக் கனமான வினைல் ஷீட். சூட்டைத் தடுக்கக் காற்றைச் சிறைபிடித்து வைத்திருக்கும் ஃபோம் வேண்டும், கூரைக்குக் கீற்று வேய்கிறோமே, அதே கணக்கு. அலுமினியம் பூசிய டாம்பிங் ஷீட் ஒன்றே மூன்றையும் செய்யும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். 2 மி.மீ. பியூட்டைல் சூட்டை ஏறக்குறைய அப்படியே உள்ளே விட்டுவிடும்.

பிரிப்பதற்கு முன் ஒரு நாள்

வண்டி நடமாட்டம் இல்லாத நல்ல தார்ச்சாலைக்குப் போங்கள். 60 கி.மீ. வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை ஐடிலில் விடுங்கள். சத்தம் பொசுக்கென்று அடங்கினால் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பக்கம். அப்படியே தொடர்ந்தால் டயர் அல்லது காற்று. சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக்குக்கும் ஸ்டீரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும்.

போனில் ஒரு டெசிபல் மீட்டர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது; ஆனால் அதே போன், அதே இடம், அதே சாலை, அதே வேகம் என்று வைத்தால் முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகியிருக்கிறது என்று பொருள். காதுக்குப் பாதியாகக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். இது தெரிந்திருந்தால், ஒரு நாள் முழுக்க வேலை செய்து 3 டெசிபல்தான் குறைந்தது என்று மனம் தளர மாட்டீர்கள்.

இருட்டியதும் வண்டிக்கு அடியில் ஒரு எல்.இ.டி. விளக்கை வைத்துவிட்டு உள்ளே உட்காருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி, பெடல்களுக்குப் பின்னாலும் கியர் லீவரைச் சுற்றியும் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் சூடும் சத்தமும் தூசியும் தடையில்லாமல் வருகின்றன. நான் பார்த்தபோது கிளட்ச் பெடலுக்கு மேலே மட்டும் மூன்று ஓட்டை இருந்தது. அடுத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். வெளியே நின்று கதவு பீடிங்கை (கதவோரத்து ரப்பர் பட்டையை) ஒட்டி ஊதுபத்தியை நகர்த்துங்கள். புகை எங்கே சிதறுகிறதோ அங்கே பீடிங் செத்துவிட்டது.

சூட்டுக்கு லேசர் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பளபளப்பான உலோகத்தைக் குறிவைத்தால் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அளக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளக்க வேண்டும்.

அறிகுறி: காலடி சுடுகிறது

ஒட்ட ஆரம்பிக்கும் முன் புகைவாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சைலன்சர் லைனைச் சோதியுங்கள். எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ குழாய் இணைப்பிலோ கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது. எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பின்கதவோ பின் திரையோ சரியாக மூடாத ஜீப்பில் ஓடும்போது பின்னால் உண்டாகும் இழுப்பு புகையை உள்ளேயே கொண்டுவந்துவிடும். கசிவை அடைத்த பிறகுதான் மற்ற வேலை.

அடுத்து, சூடு எப்படி வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். காற்றாக வீசினால் ஓட்டை. தகட்டிலிருந்து கொதித்தால் வெப்பக் கதிர். காற்றாக வந்தால் பெரும்பாலும் கியர் லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கும். ஃபோர் வீல் லீவருக்கு இன்னொரு பூட் உண்டு, அதை யாரும் பார்ப்பதேயில்லை. கிளட்ச் கேபிள், ஸ்டீரிங் தண்டு, வயரிங் கட்டு ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரை) துளைக்கும் இடங்களில் குரோமெட் என்ற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். குரோமெட் மலிவான பொருள். புதியதைப் போட்டு, மிச்சமிருக்கும் இடைவெளியை, தீயைத் தாங்கும் சீலன்ட்டால் அடையுங்கள். என் வண்டியில் பணத்துக்குக் கிடைத்த அதிகபட்சப் பலன் இதில்தான்.

ஹீட்டர் வால்வு உள்ள வண்டியென்றால் அதையும் பாருங்கள். ஹீட்டரை மூடி வைத்து அரை மணி நேரம் ஓட்டியபின், வால்வைத் தாண்டி உள்ளே போகும் ஹோஸ் கொதித்தால் வால்வு முழுதாக மூடவில்லை. கோடை முழுக்க டேஷ்போர்டுக்குள் வெந்நீர் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை ஷீட் ஒட்டினாலும் தீராது.

தகடே கொதித்தால் அடியில் படுத்துப் பாருங்கள். சைலன்சருக்கும் தரைக்கும் நடுவே கம்பெனி கொடுத்த தகட்டுக் கவசம் துருப்பிடித்து விழுந்திருக்கலாம். இல்லையென்றால் ஒரு அலுமினியத் தகட்டை வளைத்து, குழாயையும் தொடாமல் தரையையும் தொடாமல் இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி விட்டுப் போல்ட் போட வேண்டும். பளபளக்கும் அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பியனுப்பும். ஆனால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது நடக்கும். ஃபாயிலை நேரே தகட்டோடு தகடாக ஒட்டி அதன்மேல் கார்ப்பெட்டைப் போட்டால் அது வெறும் சூட்டுக் கடத்திதான்.

வண்டிக்கு அடியில் சைலன்சர் பக்கம் ஃபோம் எதுவும் ஒட்டவே கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை அளவுக்கான இந்திய விதி) டீசல் வண்டிகளில் கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்போது அதனுள் சூடு 600 டிகிரி வரை ஏறும். அந்தப் பக்கம் கம்பெனி வைத்ததைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

உள்ளே, டன்னல் (கியர்பாக்ஸுக்கு மேல் தரை புடைத்திருக்கும் இடம்) மேலும் காலடியிலும் 6 முதல் 10 மி.மீ. வரை மூடிய அறை கொண்ட, அதாவது காற்றறைகள் ஒன்றோடொன்று திறக்காத, ஃபோம் போடலாம். ஏசி டக்ட்டுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் இதற்கு நல்ல பொருள். ஏசி சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். வாங்கும் முன் ஒரு துண்டை வாங்கி, வண்டியிலிருந்து தள்ளி வைத்து லைட்டரால் கொளுத்துங்கள். நெருப்பை எடுத்ததும் தானாக அணைய வேண்டும். தொடர்ந்து எரிந்தாலோ உருகிச் சொட்டினாலோ அது வண்டிக்குள் வரக்கூடாது. வண்டியின் உள் பொருள்கள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 15061 இருக்கிறது, அந்த எண் அச்சிட்ட ஷீட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அறிகுறி: தலைக்கு மேல் அனல்

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் விழுகிறது. ஜீப் கூரை இரண்டு சதுர மீட்டர் என்றால், தலைக்கு மேல் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளுக்குச் சமமான சூடு. கறுப்புக் கூரைத் தகடு வெயிலில் நின்றால் 70 டிகிரியைத் தாண்டும். முதலில் செய்ய வேண்டியது வெளியே: கூரைக்கு வெள்ளைப் பெயின்ட். கண்ணுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, உள்ளே ஒட்டும் எதையும்விட அது நன்றாக வேலை செய்யும். கேரியர் இருந்தால் அதன்மேல் ஒரு பலகையோ தகடோ கட்டி நிழல் உண்டாக்கலாம். அந்தக் கால லேண்ட் ரோவர்களில் வெப்ப நாடுகளுக்கென்று இரட்டைக் கூரை வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும். அதே தத்துவம்தான்.

உள்ளே ஒட்டும் வேலை கூரையின் வகையைப் பொறுத்தது. இரும்புத் தகடு என்றால் நடுப்பகுதிகளில் டாம்பிங் ஷீட், அதன்மேல் இடைவெளியே விடாமல் 10 மி.மீ. ஃபோம், அப்புறம் சீலிங் துணி. ஃபைபர் ஹார்டு டாப் தானாகவே அதிகம் அதிராது. அதற்கு டாம்பிங் ஷீட்டின் கனம் வீண், ஃபோம் மட்டும் போதும். தார்ப்பாய், ரெக்சின் டாப் வைத்திருப்பவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மேலே ஒட்டிப் பயனில்லை. அடியில் இரண்டாவதாக ஒரு துணியை இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கட்டினால் அனல் குறையும், சத்தம் குறையாது.

நான் முதல் முறை தோற்றது கூரையில்தான். மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட் விலை குறைவு என்று வாங்கி ஒட்டினேன். ஏப்ரலில் தார்வாடை வண்டி முழுக்க அடித்தது. மே மாதம் சீலிங் துணியில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. ஒரு நாள் பின்சீட்டில் இருந்த என் மகளின் பள்ளிப் பையில் சொட்டியது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வாங்கும்போது பியூட்டைலா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முகர்ந்தால் தார்வாடை இருக்கக் கூடாது; விரலால் அழுத்தி இழுத்தால் சூயிங்கம் போல நீள வேண்டும். பசைக்கும் இதே எச்சரிக்கை. சாதாரண ரப்பர் பசை கூரைச் சூட்டில் இளகி, சீலிங் துணி தலையில் விழும். சூடு தாங்கும் ஸ்ப்ரே பசை என்று கேட்டு வாங்குங்கள்.

கூரையை முடித்த பிறகும் சூடாக இருந்தால் மிச்சம் கண்ணாடி வழியாக வருகிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. மோட்டார் வாகன விதி 100இன்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சம் விட வேண்டும். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் போடுவது யாருக்கும் பாதகமில்லாத வழி. உள்ளே வைக்கும் மறைப்பைவிட அது மேல். வெயில் கண்ணாடியைக் கடந்து வரும் முன்பே நின்றுவிடும்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகரம் முழங்குகிறது

கை முட்டியால் ஒவ்வொரு தகடாகத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று நீளும் இடத்துக்கு டாம்பிங் ஷீட் வேண்டும். ‘டொக்’ என்று நின்றுவிடும் இடத்துக்கு வேண்டாம். முழுக்க ஒட்டத் தேவையேயில்லை. தகட்டின் நடுவே கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே பெரும்பங்கு பலன் வந்துவிடும். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் எடை. முழு வண்டிக்கும் இரண்டு அடுக்கு ஒட்டியவர்கள் ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறார்கள்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். தின்னர் பெயின்டை இளக்கிவிடும். ஒட்டியபின் உருளையால் அழுத்த வேண்டும். ஃபாயிலில் இருக்கும் புடைப்புக் கோலம் மட்டமாகும் வரை விடாதீர்கள். கையால் அழுத்திவிட்டு விட்டால் அடியில் காற்று நிற்கும், ஷீட் எடையாக மட்டும் இருக்கும்.

தட்டினால் எதுவும் முழங்கவில்லை, ஆனாலும் 1800, 2000 ஆர்.பி.எம்மில் நெஞ்சில் இடிக்கிறதா? அது தகடல்ல. நான்கு சிலிண்டர் எஞ்சின் 2000 ஆர்.பி.எம்மில் நொடிக்கு ஏறக்குறைய 67 முறை வெடிக்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் 5 மீட்டர்; 10 மி.மீ. ஃபோம் அதைத் தொடக்கூட முடியாது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர், சேஸிக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் புஷ் மூன்றையும் பாருங்கள். பழைய ஜீப்பில் பாடி புஷ் கல்லாக இறுகியிருக்கும். அதை மாற்றிய அன்று எனக்கு வேறு வண்டி ஓட்டுவது போல இருந்தது. சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் தேடலாம். ஆனால் ரப்பர் சாமான் எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

அறிகுறி: எஞ்சின் கரகரப்பு நேராகக் காதில் விழுகிறது

ஃபயர்வால்தான். காலடிச் சூட்டுக்குச் சொன்ன ஓட்டைகளை அடைத்தால் பாதி முடிந்தது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு சுவரின் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால், மிச்சம் 99 சதவீதம் எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்தச் சுவரால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஓட்டையை விட்டுவிட்டு விலையுயர்ந்த ஷீட் போடுவது வாய்க்கால் உடைப்பை விட்டுவிட்டு வரப்பு உயர்த்துவது போல.

அடைத்த பிறகும் போதவில்லை என்றால், உள்பக்கம் ஃபோம் ஒரு அடுக்கு, அதன்மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள வினைல். வினைல் தகட்டைத் தொடாமல் ஃபோம் மேல் மிதக்க வேண்டும். நாளிதழை வைத்து அச்சு வெட்டிக்கொண்டு அப்புறம் வினைலை வெட்டுங்கள். பெடல்கள் முழுதாக மிதிபடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கிளட்ச் அடியில் மடிப்பு விழுந்தால் ஆபத்து. பானெட் அடியில் ஒட்டும் மெத்தை வெளியே நிற்பவருக்குச் சத்தத்தைக் குறைக்கும், உள்ளே இருப்பவருக்குச் சொற்பம்தான்.

அறிகுறி: 60க்கு மேல் விசில்

காற்று. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுத்தவில்லை. கதவு விளிம்பு, சைடு மிரர் அடி, கேரியர் கம்பி என்று ஒவ்வொன்றாக மாஸ்கிங் டேப்பால் மூடி ஓட்டிப் பாருங்கள். எதை மூடியதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. ஷீட் வேண்டியதில்லை.

அறிகுறி: டயர் இரைச்சல்

மண் டயர் போட்டால் இரைச்சல் வரத்தான் செய்யும். பின் சக்கர வளைவுகளின் உள்பக்கம் டாம்பிங் ஷீட்டும், அதன்மேல் ஃபோமும் வினைலும் போட்டால் ஓரளவு அடங்கும். ஆனால் முதலில் ஒரு சோதனை. அகலமான சாலையில் மெதுவாக இடதும் வலதுமாக ஸ்டீரிங்கை அசையுங்கள். இரைச்சல் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் அது வீல் பேரிங். அதன்மேல் ஷீட் போட்டு மறைத்தால் மலைப்பாதையில் சக்கரம் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: ஷீட் போட்ட பிறகு முடைநாற்றம்

இது என் இரண்டாவது தோல்வி. இதைப் பற்றித்தான் எல்லாரிடமும் அதிகமாகச் சொல்கிறேன். கார்ப்பெட்டுக்கு அடியில் கம்பளி போன்ற ஃபெல்ட் விரித்தேன். சத்தம் அருமையாகக் குறைந்தது. ஒரு ஐப்பசி மழையில் ஓடையைக் கடந்தபோது கதவடி வழியாகத் தண்ணீர் வந்தது. மேலே துடைத்தேன், கார்ப்பெட் காய்ந்துவிட்டது. அடியில் ஃபெல்ட் மாதக் கணக்கில் ஈரமாகவே இருந்திருக்கிறது. பூஞ்சை நாற்றம் வந்து பிரித்துப் பார்த்தபோது டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஸ்குரூடிரைவர் தகட்டைத் துளைத்துக்கொண்டு போனது.

காரில் செய்வதை ஜீப்பில் அப்படியே செய்ய முடியாமல் போவது இதனால்தான். தண்ணீரில் இறங்கும் வண்டியின் தரையில் ஃபெல்ட், சணல், ஸ்பாஞ்ச் எதுவும் கூடாது. நீர் குடிக்காத மூடிய அறை ஃபோம் மட்டும்; அதையும் தரையில் நிரந்தரமாக ஒட்டாமல், தூக்கி வெயிலில் போடும்படி பாய் போல வெட்டி விரியுங்கள். டாம்பிங் ஷீட்டைத் துரு மேல் ஒட்டாதீர்கள். கம்பிப் பிரஷால் தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுங்கள். தரையில் இருக்கும் வடிகால் மூடிகளைச் சுற்றி ஷீட்டை வட்டமாக வெட்டி விடுங்கள்.

கதவுக்குள்ளும் இதே கவனம் வேண்டும். கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்கி அடியில் உள்ள துளைகளால் வெளியேறும்படிதான் கதவைச் செய்திருக்கிறார்கள். அந்தத் துளைகளை ஷீட்டால் அடைத்தால் கதவு தொட்டியாகிவிடும். கதவின் வெளித்தகட்டில் நடுவே மட்டும் ஷீட் ஒட்டி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் திரையைப் பழையபடி ஒட்டுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் சீட்டைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்களைத் தொடாதீர்கள். திரை ஏர்பேக் ஓடும் கூரை ஓரங்களில் எதையும் ஒட்டாதீர்கள்.

சீட்டைத் திரும்பப் பூட்டும் முன் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். வடிகால் வழியாக முழுதும் இறங்குகிறதா, எங்காவது தேங்குகிறதா என்று பாருங்கள். தேங்கினால் அந்த இடத்து ஷீட்டை அப்போதே வெட்டி எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கக் கதவுகளைத் திறந்து வைத்து உலரவிட்டு, அதன்பின் சீட்டைப் பூட்டுங்கள்.